ராத்திரி அக்காவின் இரண்டு குரல்கள்

புது ஸ்கேனர், அதாவது தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மாதிரியான சேவைகளின் ரேடியோப் பேச்சை வீட்டிலிருந்தே கேட்கும் பெட்டி, வந்த பிறகு ராத்திரி அக்கா காணாமல் போய்விட்டார். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியாது. தீயணைப்பு வண்டிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அழைப்பு அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியில் இருப்பவர், அவ்வளவுதான் தெரியும். குரலை வைத்து என்னைவிடப் பெரியவராக இருப்பார் என்று நானே முடிவு செய்து, அக்கா என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது வருடம், தூக்கம் பிடிக்காத இரவுகளில் எல்லாம் அந்தக் குரல் பக்கத்தில் இருந்தது. வீட்டு எண்ணை எப்போதும் இரண்டு முறை சொல்வார். முதல் தடவை எல்லாரையும் போல "நூற்று நாற்பத்தேழு" என்பார், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, "ஒன்று... நான்கு... ஏழு" என்று மேஜையில் ஒவ்வொரு நாணயமாக எடுத்து வைப்பது போலச் சொல்வார். அந்த இடைவெளியில் அவர் திரையை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறார் என்று எனக்கு ஒரு கற்பனை. யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு வண்டி தப்பான வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும், அன்றிலிருந்து பழக்கமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

"வேலையை விட்டுட்டாங்களோ என்னவோ" என்று மனைவியிடம் சொன்னேன். "யாரு?" என்றாள். சொன்னதும் ஒரு மாதிரிப் பார்த்தாள். முகம் தெரியாத ஒருவருக்காக நான் வருத்தப்படுவது அவளுக்குப் புதிதில்லை, ஆனால் இந்தத் தடவை அவள் கேட்ட கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "எல்லாம் தெளிவாக் கேக்கணும்னுதானே புதுசு வாங்குனீங்க? அப்ப எப்படிக் காணாமப் போவாங்க?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பீர்கள். நான் இருக்கும் இடத்தில் இந்த மாதிரி கேட்பது சட்டப்படி தவறில்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பிரிட்டனில் ஸ்கேனரை வாங்கலாம், வைத்திருக்கலாம், ஆனால் உங்களுக்காக இல்லாத செய்தியைக் கேட்பதே குற்றம். இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே வம்பு. அமெரிக்காவிலும் சில மாநிலங்களில் வீட்டில் கேட்கலாம், காரில் வைத்துக்கொண்டு ஓட்டினால் பிரச்சினை. ஆகவே இதைப் படித்துவிட்டு உடனே ஒன்றை வாங்கிவிடாதீர்கள், முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

என் பழைய பெட்டி அனலாக். இருநூறு சேனல், இரண்டு குமிழ்: ஒன்று சத்தத்துக்கு, ஒன்று ஸ்குவெல்ச்சுக்கு. ஸ்குவெல்ச் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரைச்சல் சட்டென்று அடங்கும் அந்த விளிம்பில் நிறுத்துவது ஒரு கலை. விளிம்பைத் தாண்டித் திருப்பிவிட்டால் தூரத்துக் குரல்கள் விழுந்துவிடும், குறைவாகத் திருப்பினால் ராத்திரி முழுக்க உஸ்ஸென்று இரையும். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு சேனலாக ஊமையாகிக்கொண்டு வந்தது. போலீஸ் முதலில் போனது, அப்புறம் ஆம்புலன்ஸ், கடைசியில் தீயணைப்பின் முக்கியச் சேனல். குரல் இருந்த இடத்தில் தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போல ஒரு கரகரப்பு மட்டும். அதுதான் டிஜிட்டல். அந்த வண்டுச் சத்தத்துக்குள்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தும் நான் இரண்டு வருடம் இழுத்தடித்தேன். பிறகு ஒரு நாள் தெருக்கோடியில் நாலு வண்டி விளக்கோடு நின்றது, என் பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஃபிரிட்ஜ் ஓரம்

பழையதில் அலைவரிசையை அழுத்தினால் பேச்சு வரும். புதியதில் அலைவரிசை என்பதே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இல்லை. வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பலகையில் "டோக்கன் 27, கவுண்டர் 3" என்று வரும் இல்லையா, அதே ஏற்பாடுதான். கட்டுப்பாட்டுச் சேனல் என்று ஒன்று இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாமல் தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். "இந்தக் குழு இப்போது இந்த அலைவரிசைக்குப் போ" என்பதுதான் அதன் வேலை. தீயணைப்பு ஒரு குழு, ஆம்புலன்ஸ் ஒரு குழு, சாலை பராமரிப்பு ஒரு குழு. குழு எண்தான் நிரந்தரம், அலைவரிசை ஒவ்வொரு பேச்சுக்கும் மாறும். ஸ்கேனர் அந்தப் பலகையைப் படித்துப் பின்னாலேயே ஓட வேண்டும். இதற்கு டிரங்கிங் என்று பெயர். இங்கே ஓடுவது ப்ராஜெக்ட் 25, சுருக்கமாக பி25. 1989இல் அமெரிக்காவின் பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பு அதிகாரிகள் சங்கம் தொடங்கி வைத்தது. வெவ்வேறு கம்பெனி ரேடியோக்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இதையெல்லாம் படித்து, இரண்டு ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்து குழு எண்களை ஏற்றி, பெட்டியை மொட்டை மாடியில் நீட்டிய நல்ல ஆன்டெனாவோடு இணைத்தேன். சிக்னல் கட்டம் ஐந்தும் நிறைந்திருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வந்த பேச்சும் யாரோ வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டே பேசுவது போல இரண்டு எழுத்து, ஒரு கரகரப்பு, அமைதி. பெட்டி கெட்டுப்போனது என்று முடிவு செய்தேன். விற்றவர்களுக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல்கூட எழுதினேன், நல்லவேளை அனுப்பவில்லை. ரேடியோ கோபுரம் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கிறது. இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்?

அமெச்சூர் ரேடியோவில் எனக்கு முன்பே நாற்பது வருடம் ஊறிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "தம்பி, ஆன்டெனாவைக் கழட்டுங்க."

"சார், கழட்டினா சிக்னல் போயிடுமே?"

"போகட்டும். கொஞ்சம் போனாத்தான் நல்லது. ஜெம் கிளிப் இருந்தா நிமித்தி அந்த ஓட்டையில சொருகிப் பாருங்க. வைக்காதீங்க, லைன்லயே இருக்கேன்."

சொருகினேன். ஐந்து கட்டம் இரண்டானது. வரவில்லை. "பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள நடங்க" என்றார். ஒரு கையில் போன், ஒரு கையில் கிளிப் சொருகிய பெட்டி. ஹால், படுக்கை அறை, கூடம், சமையலறை. ஃபிரிட்ஜின் இடது பக்கம், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில் நீட்டியபோது பளிச்சென்று ஒரு ஆண் குரல், "நோயாளி நினைவோடு இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறோம்" என்றது. பக்கத்தில் நின்று பேசுவது போல. பெட்டியை ஒரு அடி இந்தப் பக்கம் நகர்த்தினால் மறுபடி கொப்பளிப்பு.

காரணம் தெரிந்தபோது ஒரு சின்ன ஆனந்தம் வந்தது, அதனால் அதை எழுதாமல் போக மாட்டேன். இந்த அமைப்பில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே பேச்சை அனுப்புகின்றன. சைமல்காஸ்ட் என்பார்கள். நீளமான ரயில் பிளாட்பாரத்தில் வரிசையாகத் தொங்கும் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நின்று அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எந்த வண்டி எந்த நடைமேடை என்றே புரியாது. அதேதான் இங்கேயும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் ஓடும். ஒரு கோபுரம் மற்றதைவிட 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதன் அலை 50 மைக்ரோ நொடி பிந்தி வந்து சேரும். பி25 நொடிக்கு 4,800 குறியீடு அனுப்புகிறது, அதாவது ஒரு குறியீட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 208 மைக்ரோ நொடி. அதில் கால்வாசி மேலே இன்னொன்று வந்து விழுந்தால் பெட்டி எதை ஒன்று என்று படிக்கும், எதைப் பூஜ்யம் என்று படிக்கும்? மொட்டை மாடி ஆன்டெனா எல்லாக் கோபுரத்தையும் வஞ்சகமில்லாமல் வாரிக்கொண்டு வந்து கொட்டியதுதான் தப்பு. ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு ஒரு பக்கத்தை மறைத்துவிட, மிச்சம் ஒரு கோபுரம் தனியாக நின்றது.

தீயணைப்பு வீரர்கள் கையில் இருக்கும் ரேடியோக்கள் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கும்படி செய்யப்பட்டவை. வீட்டில் வாங்கி வைக்கிற ஸ்கேனர்கள் வெகுகாலம் அப்படி இல்லை. 2018இல் யூனிடன் எஸ்டிஎஸ்100 வந்தபோதுதான் சிக்னலின் வீச்சையும், அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் முறை கையடக்க ஸ்கேனருக்கு வந்தது. நான் வாங்கியது அந்த வகை இல்லை என்பது வாங்கிய பிறகு தெரிந்தது, எல்லாமே வாங்கிய பிறகுதான் தெரிகிறது. டிவி பார்க்கச் செய்யப்பட்ட ஒரு யுஎஸ்பி குச்சியைக் கணினியில் சொருகி, இலவச மென்பொருளை வைத்தே இதையெல்லாம் கேட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2012 வாக்கில் அந்தக் குச்சிக்குள் இருக்கும் சில்லை வைத்துக் கண்ட அலைவரிசையையும் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் கணினியைத் திறந்து வைத்தால் அது வேறு விதமான முழிப்பாகிவிடுகிறது.

பூட்டு

போலீஸ் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணை ஏற்றினேன், திரையில் எண் தெரிந்தது, பக்கத்தில் மறையாக்கம் (சாவி இல்லாதவர் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டுவது) என்பதற்கான மூன்றெழுத்து தெரிந்தது, சத்தம் இல்லை. அவ்வளவுதான். எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய ஸ்கேனராலும் அதைத் திறக்க முடியாது, திறக்கிறேன் என்று யாராவது விற்க வந்தால் ஏமாற்றுக்காரர். அது ஏஇஎஸ்-256 என்ற பூட்டு, உங்கள் வங்கிக் கணக்கைக் காப்பதும் அதே வகைதான். ஐரோப்பாவில் பெரும்பாலும் டெட்ரா என்ற வேறு முறை, அங்கே அவசரச் சேவைகள் அநேகமாகப் பூட்டுக்குள். அங்கே இருப்பவர் டிஜிட்டல் ஸ்கேனர் வாங்குவது பூட்டிய வீட்டுக்குக் காலிங் பெல் வாங்குவது மாதிரி.

முன்பெல்லாம் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் பொங்குவேன். மக்கள் வரிப்பணத்தில் ஓடும் ரேடியோ, மக்கள் கேட்டால் என்ன என்று. சிகாகோவில் 2022இல் போலீஸ் பேச்சைப் பூட்டிவிட்டு, பொதுமக்களுக்கு முப்பது நிமிடம் தாமதமாகத் தருகிறோம் என்றார்கள். அடுத்த வருடம் நியூயார்க்கிலும் பூட்டத் தொடங்கினார்கள். முப்பது நிமிடம் கழித்துக் கேட்பதற்கு மறுநாள் பேப்பர் போதுமே என்று எழுதியவன் நான். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஆம்புலன்ஸ் குழு இங்கே பூட்டப்படவில்லை. பழைய பெட்டியில் முகவரி பாதி இரைச்சலில் கரைந்துவிடும். புதியதில் வீட்டு எண், வயது, என்ன உபாதை, கதவு பூட்டியிருக்கிறதா என்பது வரை கண்ணாடி மாதிரி. போன மாதம் நான் தினமும் வணக்கம் சொல்லும் ஒருவரின் வீட்டு எண் வந்தது. மறுநாள் அவரைப் பார்த்தபோது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். அந்த ஒரு குழுவையாவது பூட்டிவிடலாம் என்று அன்று தோன்றியது. ஆனால் அந்தக் குழுவில்தான் அக்கா இருந்தார். இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4,400 பிட்டில் ஒரு ஆள்

சரி, அக்கா. ஃபிரிட்ஜ் ஓரம் பெட்டி நிலைபெற்ற பிறகு ஒவ்வொரு ராத்திரியும் கேட்டேன். பெண் குரல்கள் மூன்று நான்கு இருந்தன. எல்லாம் சுத்தமாக, ஒரே உயரத்தில், கொஞ்சம் மூக்கடைத்தாற்போல. எதுவும் அவர் இல்லை. அவர் குரலில் ஒரு பிசிறு உண்டு, வாக்கியத்தின் முடிவில் காகிதம் உரசுகிற மாதிரி. அது எந்தக் குரலிலும் இல்லை. ஓய்வு பெற்றிருப்பார், இடமாற்றம் வாங்கியிருப்பார், உடம்புக்கு ஏதாவது என்று கடைசியாக நினைத்து, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பெட்டி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. டம்ளரை வாயில் வைத்திருக்கும்போது, "இருநூற்று முப்பத்தெட்டு" என்றது. ஒரு சின்ன இடைவெளி. "இரண்டு... மூன்று... எட்டு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். குரல் அவருடையது இல்லை. இதற்கு முன் பல தடவை கேட்ட, நான் மனதுக்குள் "மூக்கடைப்பு" என்று பெயர் வைத்திருந்த குரல். எப்படி அத்தனை நாள் அந்த எண்களை நான் கேட்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். கேட்டிருப்பேன், குரல் வேறு என்பதால் காது அதைப் பொருட்படுத்தியிருக்காது.

மறுநாள் உட்கார்ந்து படித்தேன். பி25இன் முதல் பதிப்பில் குரலை நொடிக்கு ஐம்பது துண்டாக, துண்டுக்கு 20 மில்லி நொடியாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 88 பிட். ஆக நொடிக்கு 4,400 பிட்டில் ஒரு மனிதரின் குரல் முடிந்தது. வழியில் உடைந்தால் சரிசெய்துகொள்ள இன்னொரு 2,800 பிட் கூடப் போகிறது, அது குரல் இல்லை. பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு ஒரு குரலுக்கு 64,000 பிட் செலவழித்தது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு சிறியதில் குரலையே அனுப்ப முடியாது. அதனால் குரலை அனுப்புவதே இல்லை. சுருதி இவ்வளவு, இந்தப் பட்டையில் தொண்டை அதிர்கிறது, இந்தப் பட்டையில் வெறும் காற்று, இங்கே இவ்வளவு அழுத்தம் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். என் வீட்டுப் பெட்டி அந்தக் குறிப்பைப் படித்துப் புதிதாக ஒரு குரலைச் செய்து பேசுகிறது. மூன்று மாதமாக நான் கேட்டது அவரை அல்ல, அவரைப் பற்றிய அங்க அடையாளக் குறிப்பை. காகிதம் உரசும் பிசிறுக்கு அந்தக் குறிப்பில் இடமில்லை.

இந்தக் குறிப்பு எழுதும் வேலைக்கு ஒரு நம்பிக்கை அடிப்படை: உள்ளே வருவது மனிதப் பேச்சு. வேறு ஏதாவது வந்தால் குழம்பிவிடும். மரம் அறுக்கும் ரம்பம், நீர்ப் பம்பு, முகமூடியில் காற்றுத் தீரும்போது அலறும் எச்சரிக்கை மணி, இதையெல்லாம் அது குரலாக நினைத்துக் குறிப்பு எழுதப் பார்க்கும், பேசுகிறவர் பேச்சு அதில் நொறுங்கிப்போகும். 2008இல் அமெரிக்காவில் தீயணைப்புத் தலைவர்களின் சங்கம் இதை ஆராய்ந்தது. அதனால்தான் பல ஊர்களில் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது டிஜிட்டலில் இருந்தாலும், எரிகிற கட்டடத்துக்குள் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வதை இன்னும் அனலாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். இரைச்சலோடு வந்தாலும் வரும் என்பதற்காக.

அனலாக்கின் இரைச்சலே ஒரு செய்திதான் என்பது அதை விட்டு வந்த பிறகுதான் புரிகிறது. குரல் லேசாகப் படபடத்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மெலிந்து உஸ்ஸுக்குள் அமிழ்ந்தால் கட்டடத்தின் உள்ளே போய்விட்டார். பேட்டரி தீர்கிறதா என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். டிஜிட்டலில் எல்லாரும் ஒரே தூரத்தில், என் காதுக்கு ஒரு அடியில் இருக்கிறார்கள், அல்லது இல்லவே இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

பரணிலிருந்து

சந்தேகம் தீரவில்லை. எண்ணை இரண்டு தடவை சொல்கிற பழக்கத்தை அக்காவிடம் பயிற்சி பெற்ற இன்னொருவரும் எடுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? அப்போதுதான் பேஜர் ஞாபகம் வந்தது. இங்கே தீயணைப்பில் தன்னார்வலர்கள் உண்டு. வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்ப அவர்கள் இடுப்பில் பேஜர். அது இன்னும் பழைய அனலாக் அலைவரிசையில்தான் ஓடுகிறது. அழைப்புக்கு முன்னால் இரண்டு தொனி வரும், முதலாவது ஒரு நொடி, இரண்டாவது மூன்று நொடி, நிலையத்துக்கு ஒரு ஜோடி. தன் ஜோடியைக் கேட்டால் மட்டும் பேஜர் விழித்துக்கொள்ளும். அதன் பின்னால் கட்டுப்பாட்டு அறை பேசுவது டிஜிட்டலிலும் அனலாக்கிலும் ஒரே நேரத்தில் போகும். என் பழைய பெட்டியில் அந்தச் சேனல் இருந்தது. நான்தான் பல வருடம் முன்பே அதை லாக்-அவுட் செய்து, அதாவது பெட்டி அதைத் தாண்டிப் போகும்படி வைத்திருந்தேன். ஒரே அழைப்பு இரண்டு சேனலில் இரண்டு முறை வருகிறதே, தொல்லை என்று.

பரணில் ஏறி, துணி சுற்றி வைத்திருந்த பெட்டியை இறக்கினேன். இதில் இனி ஒன்றும் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்த பெட்டி. லாக்-அவுட்டை எடுத்தேன், ஸ்குவெல்ச்சை விளிம்புக்குத் திருப்பினேன், புதியதன் பக்கத்தில், ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன். முதல் ராத்திரி அழைப்பே இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு வருத்தப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, இந்தப் பொழுதுபோக்கின் அசிங்கமான மூலை அது. இரண்டாம் ராத்திரி பன்னிரண்டரைக்குத் தொனி வந்தது. பழையதில் சுத்தமாக, நீண்டு. புதியதில் அதே தொனி நடுங்கிக் குழைந்து, யாரோ பாட முயன்று தோற்ற மாதிரி. அப்புறம் பழைய பெட்டி பேசியது.

பிசிறு இருந்தது. வாக்கியத்தின் கடைசியில், காகிதம் உரசுகிற மாதிரி. அரை நொடி பிந்தி, புதிய பெட்டியில் மூக்கடைப்பு அதே வார்த்தையைச் சொன்னது. பழையது எண்ணைச் சொல்லி நிறுத்தியது. அந்த இடைவெளிக்குள் புதியது வந்து எண்ணைச் சொல்லி முடித்தது. பழையது "ஆறு" என்றது, புதியது "ஆறு" என்றது. பழையது "பூஜ்யம்", புதியது "பூஜ்யம்". ஒரு அக்காவும் அவரைப் பார்த்து அவரைப் போலவே பேசிக் காட்டும் குழந்தையும் மாதிரி. சின்ன தீ, சமையலறைப் புகை, பத்து நிமிடத்தில் வண்டி திரும்பிவிட்டது. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன். அவர் எங்கும் போகவில்லை. ஒரு ராத்திரிகூட விடாமல் வேலைக்கு வந்து, என் சமையலறையில் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"இப்ப எது அவங்க?" என்றாள் மனைவி, சத்தம் கேட்டு எழுந்து வந்து. இரண்டும்தான் என்று சொன்னேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. பழையதுதான் என்று சொல்லிவிட ஆசை. ஆனால் அதுவும் ஒரு மைக்கும் ஒரு கம்பியும் ஒரு ஓட்டை ஸ்பீக்கரும் வழியாக வந்ததுதானே? அந்தக் காகித உரசல் அவர் தொண்டையில் இருக்கிறதா, என் ஸ்பீக்கரின் கிழிந்த விளிம்பில் இருக்கிறதா என்று யார் கண்டது? வேறு குரல்களிலும் அந்தப் பிசிறு வருகிறதா என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வருகிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். எண்ணைச் சொல்லும் விதம் மட்டும் எந்தப் பெட்டியிலும் மாறவில்லை, வேறு யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை.

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், டிஜிட்டலுக்கு மாறலாமா என்று. உங்கள் ஊரில் எந்தெந்தக் குழு பூட்டியிருக்கிறது, சைமல்காஸ்ட் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன். அப்புறம் பழையதை விற்காதீர்கள் என்றும் சொன்னேன், ஏன் என்று கேட்டார், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேஜர்களையும் சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றப்போகிறார்களாம், ரேடியோவில் அவர்களே பேசிக்கொண்டதைக் கேட்டேன். மாற்றினால் பழைய பெட்டி மறுபடி பரணுக்குப் போகும்.

இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்றே கால். சமையலறையிலிருந்து தொனி கேட்கிறது, ஒரு நொடி, அப்புறம் மூன்று நொடி. பழையதுதான் முதலில் பேசுகிறது.